ஓலை வாசிப்பதற்கு முன்

அன்புத் தங்கைக்கு,

நீ நான்கு பக்கத்துக்கு எழுதியதை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உனக்கு 27 வயது. கோத்தகிரிப் பக்கம் டான்டீ என்கிற அரசு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள், இப்போது கோவையில் நர்ஸ் வேலை. ஊட்டி காந்தலைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்கப் பையனை நான்கு வருஷமாக விரும்புகிறாய். "முழுக்கு வாங்கினால்தான் கோயிலில் ஓலை வாசிப்பார்கள்" என்கிறார் அவர் அம்மா. முழுக்கு என்றால் ஞானஸ்நானம், ஓலை என்றால் கல்யாணத்துக்கு முன் மாதா கோயிலில் வாசிக்கிற அறிவிப்பு. "வேதத்தில் சேர்ந்தால் என் முகத்தில் முழிக்காதே" என்கிறார் உன் அப்பா, வேதம் என்று அவர் சொல்வது கிறிஸ்தவத்தை. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் தம்பிக்கு, உன்னால் தன் சாதிச் சான்றிதழுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயம். இவர்களில் யாரை விடுவது என்று கேட்டிருக்கிறாய்.

முழுக்கு வாங்காமலே நீ அவரைக் கல்யாணம் செய்துகொள்ளலாம். நாட்டுச் சட்டத்திலும் அதற்கு வழி இருக்கிறது, கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டத்திலும் இருக்கிறது. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம்.

எனக்கு 61 வயது. குன்னூரிலும் ஊட்டியிலும் முப்பது வருஷத்துக்கு மேல் வக்கீலாக இருந்தேன், பாதிக்கு மேல் குடும்ப வழக்குகள். நான் பிறவிக் கத்தோலிக்கப் பெண். என் கணவர் இந்து. 1990-ல் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். நீ இன்று நிற்கிற வாசலில் எதிர்ப்பக்கமாக நானும் நின்றிருக்கிறேன். அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாய், அக்காவாகவே பதில் சொல்கிறேன்.

அவர் அம்மா சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். முழுக்கு வாங்காத ஒருவரை ஒரு கத்தோலிக்கர் மணப்பதற்குத் திருச்சபைச் சட்டத்தின் 1086-ஆம் விதியில் தடை இருப்பது உண்மைதான். ஆனால் அந்தத் தடையை நீக்க விதிவிலக்கு என்று ஒரு வழி அங்கேயே சொல்லியிருக்கிறது. ஆயர், அதாவது பிஷப், கொடுக்க வேண்டும். மாப்பிள்ளையின் பங்குச் சாமியார், அதாவது அவர் ஊர்க் கோயிலின் பாதிரியார், விண்ணப்பம் எழுதி ஆயர் இல்லத்துக்கு அனுப்புவார். ஊட்டிக்கு 1955-லிருந்தே தனி மறைமாவட்டம் இருப்பதால் அதற்காக மலை இறங்க வேண்டியதுகூட இல்லை. அதில் வாக்குறுதி கேட்பது அவரிடம், உன்னிடம் எதுவும் எழுதி வாங்குவதில்லை. தன் விசுவாசத்தை விடமாட்டேன், பிறக்கும் பிள்ளைகளுக்கு முழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதையெல்லாம் செய்வேன் என்று அவர் கையெழுத்துப் போடுவார். அவர் அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று உன்னிடம் தெரியப்படுத்த வேண்டும். கல்யாணம் என்றால் ஒருவனுக்கு ஒருத்தி, சாகும்வரை என்று இருவருக்கும் விளக்குவார்கள், திருமணத் தயாரிப்பு வகுப்புக்குப் போகச் சொல்வார்கள். அப்புறம் ஓலை வாசித்து, கோயிலிலேயே தாலி மந்திரித்துக் கட்டலாம். நீ நீயாகவே இருப்பாய். இப்படி நடக்கிற கல்யாணம் 1872-ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படியும் செல்லும். இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும் என்று அந்தச் சட்டத்தின் நான்காவது பிரிவு சொல்கிறது. (நான் சொல்வது கத்தோலிக்க முறை. மற்ற சபையார் தங்கள் ஆயரையோ போதகரையோ கேட்டுக்கொள்ள வேண்டும்.)

இவ்வளவு விவரமாக இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. 1990-ல் எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. எங்கள் பங்கில் பொறுப்பில் இருந்த ஒருவர், "மாப்பிள்ளை முழுக்கு வாங்கட்டும், இல்லாவிட்டால் உங்கள் பெண் கோயில் பக்கம் வர வேண்டாம்" என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பிவிட்டார். விதிவிலக்கு என்ற சொல்லே அன்று எங்கள் வீட்டில் யார் காதிலும் விழவில்லை. சட்டம் படித்தவள் நான், எனக்கும் தெரியவில்லை. பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடித்தேன். அதன்பின் ஒன்பது வருஷம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, எல்லோரும் எழுந்து நன்மை, அதாவது நற்கருணை, வாங்கப் போகும்போது, கோயிலில் மந்திரிக்காத கல்யாணம் என்பதால் நான் மட்டும் உட்கார்ந்தே இருந்தேன். பக்கத்தில் இருப்பவர்கள் வெளியே போக வழிவிட்டு முழங்காலை ஒதுக்கிக்கொள்வேன். அந்த முழங்காலை ஒதுக்குகிற நேரம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கும். 1999-ல் வந்த வேறொரு சாமியார்தான் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கு வழி இருக்கேம்மா" என்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், பத்துப் பேர்கூட இல்லை, எங்கள் கல்யாணத்துக்கு மந்திரிப்பு நடந்தது. கணவர் இன்றைக்கும் இந்துதான்.

நீங்கள் பதிவுத் திருமணம் மட்டும் செய்துகொண்டால் அந்தக் கடைசி பெஞ்சு அவருக்கு வந்து சேரும். இதை அவர் யோசித்துப் பார்த்திருக்கிறாரா என்று கேள்.

இனி முழுக்கு. மாமியாராகப் போகிறவர் ரூத்தின் கதையைச் சொல்லிக் காட்டினார் என்று எழுதியிருந்தாய். உன் ஜனம் என் ஜனம், உன் தெய்வம் என் தெய்வம் என்று மாமியாரிடம் சொன்ன மருமகள். நல்ல கதை, எனக்கும் பிடித்த கதை. ஆனால் அதை முழுதாகப் படித்துப் பார். ரூத் வேறு இனத்துப் பெண்ணாகவே அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டாள். ஏறக்குறைய பத்து வருஷம் கழித்து, கணவனும் செத்துப்போன பிறகு, நடுவழியில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னாள். மாமியாரோ அப்போது அவளை வற்புறுத்தவே இல்லை. "உன் தாய் வீட்டுக்குத் திரும்பிப் போ மகளே" என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். போ என்று சொன்னவளை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்ட பெண் அவள். கல்யாணத் தேதிக்கு முன் சேர்ந்துவிடு என்று யாரும் ரூத்தைக் கேட்கவில்லை.

திருச்சபையும் பெரியவர்களுக்குச் சும்மா முழுக்குக் கொடுத்துவிடக் கூடாது. கேட்கிறவர் தானாக மனம் வந்து கேட்க வேண்டும், போதிய அளவு கற்றுக்கொண்டிருக்க வேண்டும், வாழ்ந்து பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. வழக்கமாகப் பல மாதம் பயிற்சி இருக்கும், ஈஸ்டருக்கு முந்திய பாஸ்கா இரவில் முழுக்குக் கொடுப்பார்கள். இந்த வாரம் செபம் மனப்பாடம், அடுத்த வாரம் முழுக்கு, அதற்கடுத்த வாரம் ஓலை என்று அவசரத்தில் நடத்திய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி வந்த பெண்களில் சிலர் பின்னால் என் அலுவலகத்தில் உட்கார்ந்து, "எனக்கு எந்த சாமியும் இல்லக்கா" என்று அழுதிருக்கிறார்கள். பழைய சாமியிடம் போகக் குற்ற உணர்ச்சி, புது சாமியிடம் பேசக் கூச்சம். என் விசுவாசம் எனக்கு உயிர் மாதிரி. அதனாலேயே சொல்கிறேன், அதை ஒரு கல்யாணத்துக்கான சான்றிதழ் மாதிரி வாங்காதே. பிற்காலத்தில் உனக்கே உள்ளே இருந்து ஒரு விருப்பம் வந்தால் அன்று யாரும் தடுக்க முடியாது. வராவிட்டாலும் நீ அந்த வீட்டுக்கு நல்ல மருமகளாக இருக்க முடியும்.

சட்டத்துக்கு வருகிறேன். கோயிலிலும் வேண்டாம், எந்தச் சடங்கும் வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தால் 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. இருவரில் ஒருவர் குறைந்தது 30 நாள் வசித்த பகுதியின் சார்பதிவாளரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதை அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். 30 நாளில் செல்லத்தக்க ஆட்சேபம் ஏதும் வராவிட்டால் மூன்று சாட்சிகளோடு கல்யாணம். ஆட்சேபம் என்றால் எனக்குப் பிடிக்கவில்லை என்று யாரோ எழுதிக் கொடுப்பது இல்லை. ஏற்கெனவே உயிரோடு ஒரு கணவனோ மனைவியோ இருப்பது, வயது போதாதது, சம்மதம் சொல்ல முடியாத மனநிலை, மணக்கக் கூடாத நெருங்கிய உறவு, இவ்வளவுதான். மதமோ சாதியோ காரணம் ஆகாது. அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்னொரு விஷயம் முக்கியம்: அறிவிப்பை ஊட்டியில் கொடுத்தாலும், உன் நிரந்தர முகவரி கோத்தகிரி என்றால் அந்த அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகும், அங்கேயும் ஒட்டுவார்கள். கோத்தகிரி எவ்வளவு சின்ன ஊர் என்று உனக்கே தெரியும். அப்பா அதைப் பலகையில் படித்தோ, யாரோ படித்துச் சொல்லியோ தெரிந்துகொள்ளக் கூடாது. அதற்கு முன்பே உன் வாயால் தெரிந்திருக்க வேண்டும்.

என் அறிவிப்பு குன்னூர் அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்த நாட்களில் நான் கோர்ட்டுக்குப் போகிற வழியில் தினமும் எட்டிப் பார்ப்பேன். ஈரக்காற்றில் தாளின் ஒரு மூலை சுருண்டு, குண்டூசி விழுந்துவிட்டது. அடுத்த நாள் வீட்டிலிருந்து ஒரு குண்டூசி எடுத்துப் போய் நானே குத்தினேன். என் பெயரும் அவர் பெயரும் சுருண்டு மறையக் கூடாது என்று ஒரு எண்ணம். அன்று மாலையே அப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர், ஒரு பத்திரம் பதிய வந்தவர், படித்துவிட்டுப் போய்ச் சொன்னார். ஷிப்ட் நடுவில், பத்துப் பேர் முன்னால். அப்பா என்னிடம் நான்கு வருஷம் பேசாமல் இருந்ததற்கு நான் ஒரு இந்துவை மணந்தது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அந்தப் பலகை.

உன் சித்தப்பா சொன்ன யோசனையை மட்டும் கேட்காதே. யாருக்கும் தெரியாமல் ஒரு முருகன் கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பிறகு பதிந்துகொள்ளலாம் என்றாராம். இந்துத் திருமணச் சட்டத்தில் இருவருமே இந்துவாக இருக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டி, இந்துத் திருமணச் சட்டத்தில் பதிவும் செய்த ஒரு கல்யாணம், மாப்பிள்ளை கிறிஸ்தவர் என்பதால் செல்லாது என்று 2008 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. கையில் சான்றிதழ் இருக்கும், சட்டத்தின் கண்ணில் கல்யாணம் இருக்காது.

அதோடு இன்னொரு வழியும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. மாதா கோயிலில் கல்யாணம் வைத்தால் பெண் வீட்டில் பெரிய முறிவு வரும் என்ற நிலை இருந்தால், கோயில் சடங்கு முறையிலிருந்தும் ஆயர் விலக்குக் கொடுக்க முடியும். அப்போது பதிவு அலுவலகத்தில் நடக்கிற கல்யாணத்தையே திருச்சபை ஏற்றுக்கொள்ளும். தக்க காரணம் காட்ட வேண்டும், எளிதில் கிடைக்காது. ஆனால் உன் அப்பா கோயில் வாசலை மிதிக்கவே மாட்டார் என்றால் கேட்டுப் பார்க்கத் தகுந்த வழி அது. இரண்டு வீட்டாரும் வந்து நிற்க ஒரு பொது இடம் கிடைக்கும்.

உன் அப்பாவைப் பற்றி நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். 1973-ல், 12 வயதில், தாய் தகப்பனோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவானபோது, அந்தத் தோட்டத்து சனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, எங்கே அனுப்பினார்களோ அங்கே போனார்கள். நீலகிரியில் 1968-லிருந்து அரசு தேயிலைத் தோட்டம் போட்டதே இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான், அதுதான் பின்னால் டான்டீ ஆனது. கையில் ஒரு குடும்ப அட்டை, கொஞ்சம் பாத்திரம், பழகாத குளிர். ஊர் விட்டுப் போயிற்று, வீடு விட்டுப் போயிற்று, கூடப் படித்த பிள்ளைகள் விட்டுப் போனார்கள். கூட வந்தது சாமி. அங்கே கவ்வாத்து வெட்டும் (தேயிலைச் செடியைக் கழிக்கும்) முன் கும்பிட்ட கவ்வாத்துச் சாமியும், தேயிலை பேக்டரியில் இயந்திரத்துக்குக் காவல் நின்ற ரோதமுனியும், லைனுக்கு மேலே மாரியம்மனும். இந்த மலையில் வந்து இறங்கியவர்கள் கல்லை நட்டு, மஞ்சள் தடவி, அந்தச் சாமிகளைத் திரும்ப உட்கார வைத்தார்கள். உன் அப்பா வருஷா வருஷம் மாரியம்மன் திருவிழாவில் தீச்சட்டி எடுக்கிறார் என்கிறாய். அப்படிப்பட்டவரிடம் மகள் வந்து "நான் வேதத்தில் சேரப் போகிறேன்" என்றால், கூட வந்த கடைசிப் பொருளையும் ஒருத்தி இறக்கி வைத்துவிட்டுப் போகிற மாதிரிதான் அவருக்குத் தெரியும். அவர் கோபத்தை வெறும் பிடிவாதம் என்று எண்ணாதே.

இதோடு சோற்றுப் பயமும் இருக்கிறது. அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், அம்மா இன்னும் கொழுந்து பறிப்பதால்தான் லைன் வீடு கையில் இருக்கிறது. அம்மாவும் ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தம்பிக்கு ஒரு அரசு வேலை கிடைப்பது உங்கள் நான்கு பேருக்கும் கூரை. அதனால் சான்றிதழ் விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். 1950-ஆம் வருஷத்து ஆணைப்படி, தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இருக்க ஒருவர் இந்துவாகவோ, சீக்கியராகவோ, பௌத்தராகவோ இருக்க வேண்டும். சீக்கியர்களை 1956-லும் பௌத்தர்களை 1990-லும் சேர்த்தார்கள். கிறிஸ்தவத்துக்கு மாறினால் அந்தச் சலுகை போய்விடும். தமிழ்நாட்டில் அப்படி மாறியவர்களைப் பிற்படுத்தப்பட்டோராகக் கணக்கில் எடுப்பார்கள். இது சரியா தப்பா என்று எனக்குத் தனியாகக் கருத்து உண்டு. முழுக்குத் தண்ணீர் தலையில் விழுந்ததும் சாதிக் கொடுமை நின்றுவிடுவதில்லை என்பதை நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களிலேயே பார்க்கலாம். ஆனால் இன்றைக்குச் சட்டம் இதுதான். மாறுவது நீ ஒருத்தி என்றால் பாதிக்கப்படுவதும் உன் ஒருத்தியின் சான்றிதழ். தம்பியுடையதை அது தொடாது. ஒரு கிறிஸ்தவரைக் கட்டிக்கொண்டதாலேயே உன்னுடையதும் போகாது. சாதி பிறப்பால் வருவது, கல்யாணத்தால் மாறுவதில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் திரும்பவும் சொல்லியிருக்கிறது. முழுக்கு வாங்கிவிட்டு, வேலைக்காக மட்டும் பழைய சான்றிதழை வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அது ஏமாற்று வேலை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து இந்தப் பத்தியை வாசித்துக் காட்டு. அவன் மனசிலிருந்து ஒரு மூட்டை இறங்கும்.

சொத்து பற்றி ஒரே வரி. மதம் மாறினாலும் அப்பா சொத்தில் உன் உரிமை போகாது, ஆனால் மாறிய பிறகு பிறக்கும் உன் பிள்ளைகளுக்கு இந்து உறவினர் சொத்தில், சொத்து வந்து சேரும் நேரத்தில் அவர்கள் இந்துவாக இருந்தாலன்றி, வாரிசுரிமை வராது, 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு.

இனிமேல்தான் கடினமான இடம். நீ எழுதியதில் பிள்ளைகள் பற்றி ஒரு வரிகூட இல்லை. உன் முழுக்கைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டவள், அவர் போடப்போகிற கையெழுத்தைப் பற்றி யோசிக்கவில்லை. கோயிலில் கல்யாணம் என்றால் பிள்ளைகளை அவர் விசுவாசத்தில் வளர்க்க முயல்வேன் என்று அவர் வாக்குக் கொடுத்தாக வேண்டும். அவர் அதை மனதாரச் சொல்வார், சொல்லத்தான் வேண்டும். உனக்கு அது சம்மதமா? முழுக்கு வாங்கிய பிள்ளைக்கு உன் சான்றிதழ் கிடைக்காது என்பதும் இதில் அடங்கும். உன் அப்பாவிடம், "நான் மாறவில்லை அப்பா" என்று சொல்லிச் சமாதானப்படுத்திவிட்டு, இரண்டு வருஷம் கழித்துப் பேரனுக்கு முழுக்கு என்று போய் நின்றால் அதுதான் அவரை உடைக்கும். முதலிலேயே முழுதாகச் சொல்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 1999-ல் வாக்குக் கொடுத்தது நான், என் மகளுக்கு அப்போது எட்டு வயது. கணவர் சம்மதித்துவிட்டார். மாமியார் குன்னூர் தந்தி மாரியம்மன் பக்தை, பேத்தியைக் கைபிடித்துச் சித்திரைத் தேர் காட்டியவர். முழுக்கு நாளன்று அவர் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் காப்பி உள்ளேயிருந்து வந்துகொண்டே இருந்தது, அவர் வரவில்லை. நான் உள்ளே போனபோது அரிவாள்மணையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "நான் அவளை எப்பவும் கூப்பிடற பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன்" என்றார். சரி அத்தை என்றேன். சாகும்வரை அப்படித்தான் கூப்பிட்டார். அந்தக் காலையில் நான் சரியானதைச் செய்தேன் என்றே இன்றும் நம்புகிறேன். அவருக்கு வலித்தது என்பதும் உண்மை. இரண்டும் ஒரே வீட்டில்தான் இருந்தன.

ஒரு ஆறுதல் சொல்லட்டுமா? நம் மண்ணில் இருக்கிற வேதக்காரர்கள் தாய்மாமனை விட்டுவிடவில்லை. வேளாங்கண்ணியில் மொட்டை போட்டாலும், வீட்டில் காது குத்தினாலும் பிள்ளை உட்காருவது தாய்மாமன் மடியில்தான். உன் தம்பியின் மடி எங்கேயும் போகாது. அப்பாவிடம் பேசும்போது இதைச் சொல். சட்டம் தொடாத இடத்தை இது தொடும்.

இப்போது அவரைப் பற்றி. அவர் அம்மா சொன்னதை எழுதியிருக்கிறாய், உன் அப்பா, தம்பி, சித்தப்பா, வார்டில் கூட வேலை செய்யும் அக்கா சொன்னதைக்கூட எழுதியிருக்கிறாய். அவர் என்ன சொன்னார்? நான்கு பக்கத்திலும் அவர் வாய் திறக்கவே இல்லை. "அம்மா மனசு கஷ்டப்படும்" என்பது ஒரு பதில் ஆகாது. விதிவிலக்குப் பற்றிப் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்க வேண்டியவர் அவர். தன் அம்மாவிடம், "முழுக்கு வேண்டாம்மா, அவ அவளாவே வரட்டும்" என்று சொல்ல வேண்டியவர் அவர். வருஷா வருஷம் மே 3-ஆம் தேதி காந்தல் குருசடி (சிலுவைக் கோயில்) திருவிழாவுக்கு எத்தனை இந்து வீட்டுப் பெண்கள் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போகிறார்கள் என்று அந்த அம்மாவுக்கே தெரிந்திருக்கும், அவரிடம் பேச முடியாது என்று எனக்குத் தோன்றவில்லை. மகன் பேச வேண்டும். அப்புறம் உன் லைன் வீட்டுக்கு ஏறி வந்து, அப்பா எதிரில் பாயில் உட்கார்ந்து, அவர் திட்டுவதையும் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டியவரும் அவர்தான். இந்த மூன்றையும் அவர் செய்யும்வரை தேதி குறிக்காதே. செய்ய மாட்டேன் என்றால், தங்கச்சி, உன் பிரச்சினை மதம் இல்லை.

அப்பாவிடம் போனில் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை போ, அம்மாவுக்கு வேலை இல்லாத நாள். அன்றைக்கே முடிவு கேட்காதே. அவர் எழுந்து வெளியே போனால் போகட்டும், பின்னாலேயே ஓடாதே, ஆனால் அன்று இரவு அங்கேயே தங்கு. அடுத்த மாதமும் போ. கல்யாணத்துக்குப் பிறகும் போ, வாசலோடு அனுப்பினாலும் போ. எங்கேயாவது அடி, மிரட்டல், அடைத்து வைப்பது என்று திரும்பினால் மட்டும் யோசிக்காமல் 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்குக் கூப்பிடு, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போ. இப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டிருக்கிறது. உன் அப்பாவைப் பற்றிப் படித்தவரையில் அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

என் அப்பா பேசாமல் இருந்த அந்த நான்கு வருஷத்தில் இரண்டாவது ஐப்பசி. மகள் பிறந்து இருபது நாள். குன்னூரில் ஐப்பசி மழை உனக்குத் தெரியும், வாரக்கணக்கில் வெயில் இல்லை, குழந்தையின் துணி ஒன்றுகூடக் காயவில்லை. ஒருநாள் தொழிற்சாலையில் வேலை செய்யும் பையன் ஒருவன் ஒரு பழைய குமுட்டி அடுப்பும், கவிழ்த்துத் துணி போடுகிற மூங்கில் கூடையும், அரை மூட்டைக் கரியும் திண்ணையில் வைத்துவிட்டு, யார் கொடுத்தது என்று சொல்லாமல் போய்விட்டான். குமுட்டியின் கைப்பிடி உடைந்து, புதுக் கம்பி சுற்றியிருந்தது. மூன்று சுற்று, முனை வெளியே நீட்டாமல் உள்பக்கமாக மடக்கியிருந்தது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கையில் கீறிவிடும் என்று அப்பா எந்தக் கம்பியையும் அப்படித்தான் மடக்குவார். அதன் பிறகும் அவர் பேச இரண்டு வருஷம் ஆயிற்று. 1999-ல் அந்த வியாழக்கிழமை மந்திரிப்புக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றார் சாமியார். அப்பா தானாகவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

கடைசி வரியில் ஒன்று கேட்டிருந்தாய். அம்மா கோவைக்குக் கொடுத்துவிட்ட மாரியம்மன் படத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு காந்தல் வீட்டில் வைக்கலாமா, அதைக் கேட்டால் தப்பாக நினைப்பார்களா என்று. என் வீட்டில் மாமியாரின் மாரியம்மன் படமும் என் மாதா சுரூபமும் ஒரே அலமாரியில் இரண்டு தட்டில் இருந்தன, மாமியார் போன பிறகு அவர் தட்டில் விளக்கேற்றுவது நான்தான். உன் படம் எந்தச் சுவரில் மாட்டப்படும் என்று அவரிடம் கேள். ஓலை வாசிப்பதற்கு முன்பே கேள்.